வளவு வீட்டின் உள்ளறைக்கு ஓஎல்இடியா, மினி எல்இடியா, புரொஜெக்டரா?

பள்ளத்தூரான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியூர்களில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றபின் பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். வளவைச் (வீட்டின் நடுவே வானம் திறந்த முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகளில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, உரிய இரட்டை அறையைப் பழுதுபார்த்து முடித்தாயிற்று. அதில் உள்ளறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அறை 10 அடி அகலமும் 14 அடி நீளமும் கொண்டது. மேலே ஒரு சிறிய சாளரம் மட்டுமே உண்டு. நாற்காலியில் அமர்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஏறக்குறைய 9 அடி இருக்கும்.

எந்தத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கலாம் என்று காரைக்குடியில் மூன்று கடைகளில் விசாரித்தேன். மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர், க்யூஎல்இடியும் ஓஎல்இடியும் ஒன்றுதான், ஓர் எழுத்துதான் வேறுபாடு என்கிறார். இன்னொருவர், ஓஎல்இடியை வாங்கினால் இரண்டே ஆண்டுகளில் திரையில் தடம் விழுந்து வீணாகிவிடும் என்று பயமுறுத்துகிறார். மூன்றாமவர், இவ்வளவு செலவழிப்பதற்குப் பதில் ஒரு புரொஜெக்டரை வாங்கிச் சுவர் முழுவதையும் திரையாக்கிக் கொள்ளுங்கள் என்கிறார்.

என் சூழ்நிலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆத்தாவுக்கு 82 வயது. காலையில் செய்தி, பிற்பகலிலிருந்து தொடர்கள் என்று இரவு ஒன்பதரை வரை பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது வளவை ஒட்டிய கூடமான பட்டாலையில் பழைய 32 அங்குலப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு பெரிய பெட்டியை வாங்கிப் பட்டாலையிலேயே வைத்துவிட்டால் அவர்களுக்கும் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று என்று ஒரு யோசனை இருக்கிறது. ஆனால் அங்கே வளவின் திறந்த வானத்திலிருந்து வெயில் நேராக இறங்கும். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் கண்ணாடிபோல் மின்னும் பழைய சுண்ணாம்புப் பூச்சு. வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது என்பதால் சுவரில் துளையிட எனக்கு மனமில்லை.

சென்னையில் இருந்தபோது 2010இல் வாங்கிய ஒரு பிளாஸ்மா பெட்டியில் படம் பார்த்துப் பழகியவன் நான். அதில் இரவுக் காட்சிகள் உண்மையாகவே இருட்டாகத் தெரியும். அந்த இருட்டு எனக்கு மறுபடியும் வேண்டும். எதை வாங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் கம்மியர் எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். இந்தப் பகுதியில் இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். கடையில் சொன்ன முதல் செய்தி முற்றிலும் தவறு என்பதால் அதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி ஆகிய மூன்று பெயர்களில் விற்கப்படுபவையும் அடிப்படையில் எல்சிடி பெட்டிகளே. பின்னால் விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகம், சன்னல் கதவைப்போல் திறந்தும் மூடியும் அந்த வெளிச்சத்தை விடும் அல்லது தடுக்கும். நம் வீட்டுத் தேக்குச் சன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியே வெயில் கோடாக விழுவதுபோல், இங்கேயும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. க்யூஎல்இடியில் நிறங்களைத் தூய்மையாக்கும் குவாண்டம் புள்ளிப் படலம் ஒன்று கூடுதலாக இருக்கும்; 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இந்தப் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்குத்தான் வழங்கப்பட்டது. நிறம் சிறக்கிறது, கசிவு மட்டும் அப்படியே இருக்கிறது. மினி எல்இடியில் பின்விளக்கை நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்குகளை மட்டும் தணிக்கிறார்கள். ஓஎல்இடிக்குப் பின்விளக்கே கிடையாது. 4கே திரையில் உள்ள ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளில் ஒவ்வொன்றும் தானே ஒளிர்ந்து தானே அணையும். உங்கள் பிளாஸ்மாவும் அந்த வகையில் இதற்கு மூத்த உறவுதான்.

தடம் விழுவது பற்றிக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஓஎல்இடியின் புள்ளிகள் ஒளிர ஒளிரத் தேயும். செய்தி அலைவரிசையின் முத்திரையும் அடியில் ஓடும் சிவப்புப் பட்டையும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் மற்ற இடங்களைவிட விரைவாகத் தேய்ந்து, படம் மாறினாலும் நிழல் மாறாது. ஆர்டிங்ஸ் என்ற சோதனைத் தளம் 2018இல் ஆறு ஓஎல்இடி பெட்டிகளை நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபோது, செய்தி அலைவரிசை ஓடிய பெட்டிகளில் தடம் பதிந்தது. உங்கள் ஆத்தா பார்க்கும் விதத்தில் பட்டாலையில் ஓஎல்இடி வைத்தால் எனக்கு நிச்சயம் வேலை வரும். ஆனால் அந்த வேலையை நான் விரும்பவில்லை, ஏனென்றால் தடம் விழுந்த திரையைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும் செலவு புதுப்பெட்டியின் விலையை நெருங்கிவிடும்.

ஒரே பெட்டிதான் என்றால் மினி எல்இடியை வாங்குங்கள். பட்டாலை வெயிலுக்கு அதன் வெளிச்சம் ஈடுகொடுக்கும்.

தேவகோட்டை ஆச்சி எழுதுகிறார்:

புரொஜெக்டர் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. வீட்டு விசேஷங்களுக்கு உறவினர் கூடும்போது வளவில் வெள்ளைத் துணி கட்டி இரவில் கிரிக்கெட் பார்ப்பதற்கு அதற்கு நிகர் வேறு எதுவும் இல்லை. நாற்பது பேர் தூண்களில் சாய்ந்துகொண்டு பார்த்திருக்கிறோம்.

ஆனால் தம்பி தேடும் இருட்டு அதில் கிடைக்காது. புரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டும்தான் வீச முடியும், கறுப்பை வீச முடியாது. ஆகவே திரையில் மற்ற வெளிச்சம் எவ்வளவு விழுகிறதோ, கறுப்பும் அவ்வளவுக்கு வெளுத்துத்தான் தெரியும். நம் வீடுகளின் வெள்ளைச் சுவர்கள் படத்தின் ஒளியையே வாங்கி மறுபடி திரைமேல் எறியும். எங்கள் உள்ளறையில் போட்டுப் பார்த்தபோது பக்கச் சுவர்கள் இரண்டும் நிலா வெளிச்சம் விழுந்ததுபோல் மின்னின. கருநீலத் துணியைச் சுவரோரம் தொங்கவிட்ட பிறகுதான் படத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

சுவரையே திரையாக்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முட்டை வெண்கரு சேர்த்து மெழுகிய அந்தப் பூச்சு பளபளப்பானது. அதன்மேல் படம் போட்டால் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு கண்ணைப் பறிக்கும், ஓரங்கள் மங்கிக் கிடக்கும். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த உள்ளறைக்குள் தம்பி மட்டும் போய் உட்கார்ந்துகொண்டால் ஆத்தா பட்டாலையில் தனியாகத்தானே இருப்பார்கள்? அவர்களுக்கும் அங்கே முதுகு சாய ஒரு நாற்காலி போடுவதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறச்சீரமைப்பாளர் எழுதுகிறார்:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கண்டனூர். சென்னையில் திரைப்படங்களுக்கு நிறம் சீரமைக்கும் வேலை பார்க்கிறேன். கம்மியர் ஐயா சொன்ன விளக்கம் ஒவ்வொன்றும் சரியானது. முடிவில் மட்டும் நான் வேறுபடுகிறேன். ஒரே பெட்டியைக் கொண்டு இரண்டு தேவைகளையும் நிறைவேற்ற நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பட்டாலைக்கும் உள்ளறைக்கும் இடையே இருப்பது பத்தடித் தூரம்தான் என்றாலும், ஒளியைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு உலகங்கள். நாங்கள் ஒரு படத்துக்கு நிறம் சீரமைக்கும்போது மங்கிய வெளிச்சமுள்ள அறையில்தான் அமர்ந்திருப்போம். சாதாரணப் படத்துக்கு 100 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) என்பதே வெள்ளையின் உச்சம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வேறுபாடு காட்டும் எச்டிஆர் படம் என்றால் பெரும்பாலும் 1000 நிட் வரை போவோம், அதுவும் விளக்கின் சுடர், நகையின் மின்னல் போன்ற சிறு இடங்களுக்கு மட்டும். சோனியின் பிவிஎம்-எக்ஸ்300 என்ற ஓஎல்இடி மானிட்டர் பல ஆண்டுகள் உலகெங்கும் எங்கள் தொழிலுக்கு அளவுகோலாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் உள்ளறை கதவைச் சாத்தினால் பகலிலேயே இருட்டு. அப்படி ஓர் அறை அமைவதற்குச் சென்னையில் நண்பர்கள் திரைச்சீலைக்கு மட்டும் பெருந்தொகை செலவழிக்கிறார்கள். அந்த அறையில் ஓஎல்இடியின் குறைந்த வெளிச்சம் ஒரு குறையே ஆகாது. மாறாக, மினி எல்இடியின் குறைகள் அங்கேதான் வெளிப்படும்.

ஆயிரம் பகுதிகள் கொண்ட நல்ல மினி எல்இடியை எடுத்துக்கொண்டாலும், ஒரு பகுதிக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் வருகின்றன. கார்த்திகை இரவில் திண்ணையில் வரிசையாக ஏற்றிய அகல்களைக் காட்டும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓஎல்இடியில் சுடர் சுடராகவும் சுற்றிலும் இருட்டாகவும் தெரியும். மினி எல்இடியில் ஒவ்வொரு சுடரையும் சுற்றி ஒரு மங்கல் வட்டம் இருக்கும். அல்லது அந்த வட்டத்தை மறைக்கப் பெட்டி சுடரையே தணித்துவிடும். பகலில் இது கண்ணில் படாது. இரவில் இருட்டறையில் ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு படத்திலும் கண்ணில் படும். அகலத்திரைப் படங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. 65 அங்குலப் பெட்டியில், அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு உள்ள படம் ஓடும்போது மேலும் கீழும் பத்துப் பத்து சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை நிற்கும். எல்சிடி பெட்டியில் அந்தப் பட்டை சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டே இருக்கும். ஓஎல்இடியில் பட்டை இருப்பதே தெரியாமல் அறையின் இருட்டோடு கலந்துவிடும்.

ஆத்தாவுக்காகவும் ஒன்று சொல்கிறேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஓஎல்இடியில் ஒருமுறை அவர்களுக்குக் காட்டுங்கள். ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1940களில் காரைக்குடியில்தான் தம் படப்பிடிப்புத் தளத்தை நடத்தினார். 1948இல்தான் அது சென்னைக்கு இடம்பெயர்ந்தது. நம் ஊர் மண்ணில் எடுத்த அந்தக் காலத்துப் படங்களில் ஒளிப்பதிவாளர்கள் நிழலை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள் என்பது, கறுப்பு கறுப்பாகத் தெரியும் திரையில்தான் புலப்படும். இதைச் சொல்லும்போது எனக்கு உணர்ச்சி மேலிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓஎல்இடியிலும் இரண்டு வகை உண்டு என்பதைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்ஜி டிஸ்ப்ளே தயாரிக்கும் வெள்ளை ஓஎல்இடி ஒன்று. சாம்சங் டிஸ்ப்ளே தயாரித்து 2022இலிருந்து பெட்டிகளில் வரும் க்யூடி-ஓஎல்இடி மற்றொன்று. இரண்டாவதன் நிறம் மிகச் செழிப்பானது. ஆனால் அதில் வெளி ஒளியை விழுங்கும் துருவமுனைப்புப் படலம் இல்லாததால், வெளிச்சமுள்ள இடத்தில் கறுப்பு சற்றே ஊதா கலந்த சாம்பலாகிவிடும். உங்கள் உள்ளறைக்கு இரண்டும் பொருந்தும். பட்டாலைக்கு இரண்டாவது அறவே ஆகாது. எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷன் வேண்டுமென்றால் சாம்சங் பெட்டிகளில் அது கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 9 அடித் தூரத்தில் 65 அங்குலத் திரை ஏறத்தாழ 29 பாகைக் கோணத்தையும் 77 அங்குலம் 34 பாகைக்குச் சற்று மேலும் நிரப்பும். திரையரங்கின் நடுவரிசைக்கு ஒப்பான உணர்வுக்கு 30 பாகையாவது வேண்டும் என்பது எங்கள் துறையில் வழக்கமான கணக்கு. பணம் இடங்கொடுத்தால் 77, இல்லையென்றால் நாற்காலியை ஓரடி முன்னால் இழுத்துக்கொண்டு 65 வாங்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

ஆகவே என் கருத்து இதுதான்: பட்டாலைக்கு 43 அங்குலச் சாதாரண எல்இடி ஒன்று, மீதிப் பணம் முழுவதும் உள்ளறை ஓஎல்இடிக்கு. தொடர்களையும் செய்தியையும் அந்த விலை குறைந்த பெட்டி தாங்கிக்கொள்ளும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், இரண்டு பெட்டிகள் வாங்குவது முன்புபோல் பெருஞ்சுமையாக இருக்காது.

பள்ளத்தூரான் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. ஆச்சி சொன்னதைப் படித்தபின் முதல் வேலையாக நாற்காலிகளுக்கு அளவெடுத்தேன். இரண்டு நாற்காலியும் ஒரு சிறிய கட்டிலும் தாராளமாகக் கொள்ளும்.

நேற்று மாலை நான்கு மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்தித்தாளை விரித்தேன். தலைப்பு எழுத்துகளைக்கூடப் படிக்க முடியவில்லை. அதே நேரத்தில் பட்டாலையில் உள்ள பழைய பெட்டியில், ஓடும் படத்தைவிட வளவுத் தூண்களின் பிம்பம்தான் தெளிவாகத் தெரிந்தது. நிறச்சீரமைப்பாளர் சொன்ன இரண்டு உலகங்களையும் கண்ணாரக் கண்டுவிட்டேன்.

எனவே உள்ளறைக்கு 65 அங்குல ஓஎல்இடி என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். கம்மியரிடம் மட்டும் சில ஐயங்கள். சுவரில் மாட்டாமல் தேக்குப் பெட்டகத்தின்மேல் வைக்கலாமா? இங்கே மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது; மழைக்காலத்தில் இடியும் மின்னலும் அதிகம். ஸ்டெபிலைசர் போதுமா? இரவில் படுக்கப் போகும்போது எல்லாச் சுவிட்சுகளையும் சுவரிலேயே அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் கெடுதல் ஏதும் உண்டா?

கோட்டையூர் கம்மியர் எழுதுகிறார்:

ஐயா, உள்ளறையும் இரண்டு பெட்டிகளும் என்றால் நானும் ஓஎல்இடிக்கே உடன்படுகிறேன். நிறச்சீரமைப்பாளரின் கணக்கு சரி.

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். ஓஎல்இடி பெட்டி மொத்தம் நான்கு மணி நேரம் ஓடியபின், ரிமோட்டால் அணைத்ததும் உள்ளுக்குள் சில நிமிடங்கள் புள்ளிகளைச் சரிபார்த்துத் தேய்மானத்தை ஈடுசெய்துகொள்ளும். அப்போது திரை இருட்டாகத்தான் இருக்கும், வேலை நடப்பது வெளியே தெரியாது. அந்த நேரத்தில் சுவர்ச் சுவிட்சை அணைத்தால் அது நடக்காமலே போய்விடும். எந்நாளும் அப்படியே செய்தால் தடம் விழும் வாய்ப்பு கூடும். என்னிடம் வந்த ஒரு பெட்டிக்கு இதுதான் நேர்ந்தது. விற்ற கடையில் அந்த வீட்டாருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆகவே அந்த ஒரு சுவிட்சை மட்டும் இரவில் விட்டுவிடுங்கள். பல நாள் வெளியூர் போவதென்றால் மறுநாள் காலையில் அணைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

இக்காலப் பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை; தாழ்வழுத்தம் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து நியூட்ரல் கம்பி அறுவதில்தான் இருக்கிறது. அப்போது 400 வோல்ட்டுக்கு அருகில் வீட்டுக்குள் பாயக்கூடும். உயர் அழுத்தம் வந்தால் தானே துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். பழைய வீடு என்பதால் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்கவேண்டும். அது சரியில்லாமல் மின்னல் காப்புக் கருவி வாங்கிப் பயனில்லை. இடி இடிக்கும்போது மின்கம்பியோடு கேபிள் கம்பியையும் கழற்றிவிடுங்கள். பல பெட்டிகள் அந்த வழியாகத்தான் கருகுகின்றன.

பெட்டகத்தின்மேல் தாராளமாக வைக்கலாம். சுண்ணாம்புக் காரையில் துளையிட்டால் பூச்சு தகடு தகடாகப் பெயரும். அதைப் பழையபடி மெழுகித் தரும் கொத்தனார் கிடைப்பது அரிது. உட்காரும்போது உங்கள் கண்மட்டம் திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழேயாவது வரவேண்டும் என்பதால், பெட்டகம் இரண்டரை அடிக்கு மேல் உயரமாக இருந்தால் வேறு மேசை பாருங்கள்.

நிறச்சீரமைப்பாளர் எழுதுகிறார்:

பெட்டி வந்ததும் முதலில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கடையில் கண்ணைக் கவர வைத்திருக்கும் பளிச்சென்ற அமைப்பை மாற்றி, ஃபிலிம்மேக்கர் மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். கண் பழகியபின் பழைய அமைப்புக்குத் திரும்பமாட்டீர்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியும் அதில் தானாகவே அணைந்துவிடும். நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் (120 ஹெர்ட்ஸ்) திரையா என்று கேட்டு வாங்குங்கள்: சினிமாவின் நொடிக்கு 24 சட்டகங்கள் 120இல் மீதியின்றி ஐந்து மடங்காகப் பொருந்தும், 60இல் பொருந்தாது, காமிரா மெதுவாகக் கோபுரத்தைச் சுற்றிவரும் காட்சியில் அந்தத் தடுமாற்றம் தெரியும். தடம் விழுந்தால் உத்தரவாதம் பொருந்துமா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரான் எழுதுகிறார்:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பெட்டகத்தின் உயரம் இரண்டடி மூன்று அங்குலம்; பொருந்தும். எர்த் சோதிக்க நாளை மின்பணியாளர் வருகிறார். உள்ளறை வாசல் நிலையின் அகலம் இரண்டரை அடிதான். 65 அங்குலத் திரையை நிமிர்ந்த நிலையிலேயே பக்கவாட்டில் நுழைத்துத் திருப்ப முடியுமா என்று, அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி இன்று மாலை நானும் தம்பி மகனும் கொண்டுபோய்ப் பார்க்கப்போகிறோம். ஆத்தாவிடம் விவரம் சொன்னேன். 43 அங்குலப் பெட்டி எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்கள்.